செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் சுற்றவில்லை: ரோலர் மாற்றியும் அதே கதை

பழைய_சங்கிலி:

அப்பா ஓட்டிய பைக், வயது 23. ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர். கிக்கர் உண்டு. ஆனால் என் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்ததிலிருந்து உதைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, செல்ஃப்தான் எனக்குக் கால்.

பட்டனை அழுத்தினால் மோட்டார் விர்ரென்று சுற்றும் சத்தம் கேட்கிறது, எஞ்சின் அசைவதே இல்லை. நான்கைந்து முறை அழுத்தினால் திடீரென்று டக்கென்று பிடித்து ஸ்டார்ட் ஆகிவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குத்தான் அடம் அதிகம். சில நாள் பிடித்தும் பிடிக்காமலும் உள்ளே டங் என்று சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு சத்தம். அது கேட்டால் எனக்கே வயிற்றைப் பிசைகிறது.

6 மாதத்துக்கு முன் இதே தொல்லைக்கு ஒரு மெக்கானிக் திறந்து 3 ரோலர், 3 ஸ்பிரிங் புதிதாகப் போட்டார். ஒரு மாதம் வெண்ணெய் மாதிரி இருந்தது. இப்போது பழைய குருடி கதவைத் திறடி.

மறுபடியும் ரோலரா? முழு செட்டா? இந்த முறை நானே திறந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். வெர்னியர் இருக்கிறது, மல்டிமீட்டர் இருக்கிறது, பொறுமையும் ஓரளவு இருக்கிறது.

கரும்புகை:

பேட்டரி வீக். மாற்றுங்கள், சரியாகிவிடும்.

மேக்னட்_கவர்:

கரும்புகை சொல்வது பாதிதான் சரி. பேட்டரி இறங்கியிருந்தால் மோட்டாரே முக்கும், அல்லது ரிலே டிக் டிக் என்று அடிக்கும். விர்ரென்று வேகமாகச் சுற்றுகிறது என்றால் மோட்டார் வேலையைச் செய்கிறது, அந்தச் சுற்று கிராங்குக்கு, அதாவது பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் தண்டுக்கு, போய்ச் சேரவில்லை. நடுவில் இருப்பது ஸ்டார்ட்டர் கிளட்ச்.

கிராங்கின் முனையில் சுற்றும் காந்தச் சக்கரம்தான் மேக்னட். அதன் பின்னால் ஒரு வளையம் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அந்த வளையத்தில் ஆப்பு வடிவத்தில் 3 குழி, ஒவ்வொன்றிலும் ஒரு ரோலர், அதைத் தள்ள ஒரு ஸ்பிரிங். வளையத்துக்குள் பெரிய ஸ்டார்ட்டர் கியரின் கழுத்து நுழைந்திருக்கும். மோட்டார் கியரைச் சுற்றும்போது ரோலர்கள் குழியின் ஒடுங்கிய பக்கம் உருண்டு, கழுத்துக்கும் வளையத்துக்கும் நடுவே ஆப்பாக இறுகும். எஞ்சின் ஓட ஆரம்பித்து வளையம் முந்தியதும் அகலமான பக்கம் போய் விட்டுவிடும்.

இங்கே எல்லோரும் கோட்டை விடுவது ஒன்று. வண்டி ஓடும்போது கியர் சும்மா நிற்கும், ரோலர்கள் அதன் கழுத்தை உரசிக்கொண்டே சுற்றும். 23 வருட உரசல். ரோலர் புதிது, அது இறுக வேண்டிய கழுத்து பழையது. ஒரு மாதத்தில் வழுக்காமல் என்ன செய்யும்?

திறந்தால் முதலில் கழுத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் கியரையும் மாற்ற வேண்டும். வெறும் பளபளப்பு என்றால் பரவாயில்லை. குழியின் சரிவில் ரோலர் அழுத்திய பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்த டங் சத்தத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வளையத்தின் போல்ட் தளர்ந்திருப்பது. இன்னொன்று, எஞ்சின் திருப்பி உதைப்பது. பேட்டரி இறங்கி மெதுவாகச் சுற்றும்போது, பிஸ்டன் மேலே போய்ச் சேரும் முன்பே தீப்பொறி அடித்துவிடும். எஞ்சின் பின்பக்கம் உதைக்க, மோட்டார் முன்பக்கம் தள்ள, நடுவில் மாட்டிக்கொள்வது ரோலர். கரும்புகைக்குப் பாதி மதிப்பெண் இதற்காகத்தான். மீட்டரை மாட்டி, எஞ்சின் சுற்றும்போது எத்தனை வோல்ட் என்று பாருங்கள்.

கழற்றும்போது மேக்னட்டைச் சுத்தியலால் தட்டவே கூடாது. அதை இழுத்துக் கழற்றும் புல்லர் என்ற கருவி, உங்கள் வண்டி மரைக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள்.

அரை_ரென்ச்:

இவ்வளவு எதற்கு? ஸ்பிரிங்கை இரண்டு மில்லிமீட்டர் இழுத்து நீட்டிப் போடுங்கள். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

மேக்னட்_கவர்:

எத்தனை நாளாக?

அரை_ரென்ச்:

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து.

நிதானம்60:

தம்பி, ஆயில் என்ன ஊற்றுகிறீர்கள்? குளிர்ந்த எஞ்சினில் கெட்டியான ஆயிலும் பழைய பிசுக்கும் ரோலரை நகர விடாது. காலையில் மட்டும் அடம் என்றால் அதையும் பாருங்கள். கையேட்டில் சொன்ன கிரேடு, டப்பாவில் ஜாசோ எம்ஏ (பைக் ஆயிலுக்கான தரக் குறி) என்று போட்டிருக்க வேண்டும். கார் ஆயில் வேண்டாம்.

பழைய_சங்கிலி:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். புல்லர் வந்து சேரத் தாமதம்.

முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.1 வோல்ட், எஞ்சினைச் சுற்றும்போது 8.9. கரும்புகை, உங்களைப் பார்த்துச் சிரித்ததற்கு மன்னிப்பு.

ஆயிலை வடித்துவிட்டுக் கவரைத் திறந்தேன். உள்ளே இருக்கும் மேக்னட், கவரைப் பிடித்து இழுக்கும் என்று தெரியாமல் விரலைக் கொடுத்துவிட்டேன். நகம் இன்னும் நீலம். புல்லரை இறுக்கி, அதன் போல்ட் தலையில் ஒரே ஒரு தட்டு, டப்பென்று கழன்றது. மேக்னட்டைக் கிராங்கில் சரியான இடத்தில் நிறுத்தும் அந்தச் சின்ன அரைவட்டச் சாவி தட்டில் விழுந்த சத்தத்தைக் கேட்டு நிம்மதி. எஞ்சினுக்குள் விழுந்திருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

உள்ளே கண்டது: ரோலர் இரண்டு 10.2 மில்லிமீட்டர். மூன்றாவது ஒரு பக்கம் 10.2, திருப்பி வைத்தால் 10.1. ஆறே மாதத்தில் ஒரு முகம் தட்டையாகிவிட்டது. கியர் கழுத்தில் நகம் நன்றாகவே தட்டியது, மூன்று கோடு. வளையத்தின் 3 போல்ட்டில் ஒன்று கையாலேயே திரும்பியது! அதன் மரையில், தளராமல் பிடிக்கும் பசை பூசிய அடையாளமே இல்லை. மேக்னட்டின் உள்பக்கம் இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தது.

மற்ற இரண்டு போல்ட்டும் அலன் கீயை வளைத்தன. சூடு காட்டலாமா என்று யோசித்து, காந்தம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரை இரவல் வாங்கி அடித்தேன், வந்தது.

கியர், வளையம், ரோலர், ஸ்பிரிங், போல்ட் எல்லாம் புதிது. மரைகளைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து, லாக்டைட் பசை பூசி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் கையேட்டு அளவுக்கு இறுக்கினேன். கிராங்கின் கூம்பையும் மேக்னட்டின் துளையையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்தேன். மூடும் முன் கியரைக் கையால் திருப்பினேன்: ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு சுற்றியது, மறுபக்கம் அசையவில்லை. அதை ஒரு பத்து முறையாவது செய்திருப்பேன், தேவையே இல்லாமல்.

புது பேட்டரியோடு முதல் அழுத்தலிலேயே பிடித்தது. இன்றோடு 5 நாள். டங் இல்லை.

மேக்னட்_கவர்:

அருமை. பசை பூசாத அந்த போல்ட்தான் போன தடவை வேலையைக் கெடுத்த பாதிக் குற்றவாளி. பழைய ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றினீர்களா? அந்த இரும்புத் தூள் எல்லாம் மேக்னட்டோடு நின்றிருக்காது.

பழைய_சங்கிலி:

ஃபில்டர் மாற்றினேன், சல்லடையையும் கழுவினேன். மாற்றாதது ஒன்றே ஒன்று, கவர் கேஸ்கெட். நன்றாகத்தானே இருக்கிறது என்று பழையதையே போட்டேன். இன்று காலை வண்டிக்குக் கீழே காசு அகலத்துக்கு ஆயில்.

நிதானம்60:

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி. இந்த முறை விரலையும்.