ரெவிட்டில் சுவருக்குச் சுவர் செங்கல் வரி சேரவில்லை

வரைபலகை (கேள்வி)

வணக்கம். கட்டட வரைவு மென்பொருளான ரெவிட்டில் வரைகிறேன். பூச்சில்லாத செங்கல் வீடு, தரைத்தளமும் முதல் தளமும். செங்கல் 190×90×90, ஜாயிண்ட் 10 மி.மீ., சுவர் கனம் 190. மெட்டீரியலின் சர்ஃபேஸ் பேட்டர்னில் (சுவர் முகத்தில் தெரியும் கோட்டு வடிவம்) 200×100 ரன்னிங் பாண்ட் (எல்லா வரியிலும் நீளப்பக்கம், வரிக்கு வரி அரைச்செங்கல் தள்ளி) வைத்திருக்கிறேன். எலிவேஷனில் (முகப்புத் தோற்றம்) கீழ்ச்சுவரின் வரிக்கோடும் மேலே கைப்பிடிச் சுவரின் வரிக்கோடும் 40 மி.மீ. தள்ளி நிற்கின்றன. அலைன் (கோட்டோடு கோடு சேர்க்கும் கட்டளை) கொடுத்தால் செங்கல் கோடு சிக்குவதில்லை, சுவரின் விளிம்புதான் சிக்குகிறது.

பிளானில் இன்னொரு பிரச்சினை. ஒரு சுவர் 45 டிகிரி திரும்புகிறது. அதில் மட்டும் சாய்கோட்டு ஹேட்ச் (வெட்டுப்பகுதியை நிரப்பும் கோடுகள்) சுவரின் முகத்துக்கு இணையாக ஓடுகிறது. இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

நூல்குண்டு

முதலில் பேட்டர்ன் மாடலா டிராஃப்டிங்கா என்று பாருங்கள். மெனுவில் மேனேஜ், அடிஷனல் செட்டிங்ஸ், ஃபில் பேட்டர்ன்ஸ். டிராஃப்டிங் என்றால் அது தாளில் உள்ள அளவு. வியூ ஸ்கேலை மாற்றினால் செங்கலும் பெருக்கும், சிறுக்கும். அதன் கோட்டைப் பிடித்து நகர்த்தவே முடியாது. மாடல் பேட்டர்ன்தான் உண்மை அளவில் நிற்கும், அதன் கோட்டைத்தான் பிடிக்க முடியும்.

மாடல்தான் என்றால் குறை டேப் விசையில் இருக்கிறது. எலிவேஷனில் பேஸ்மென்ட் மேல்மட்டத்தில் ஒரு ரெஃபரன்ஸ் பிளேன் (வழிகாட்டிக் கோடு) போடுங்கள். அலைனுக்கான ஏ, எல் விசைகளைத் தட்டி, முதலில் அந்த பிளேனைச் சொடுக்குங்கள். பிறகு கர்சரைச் செங்கல் கோட்டின் மேல் வைத்து, அந்த ஒற்றைக் கோடு மட்டும் நிறம் மாறும் வரை டேப் தட்டிவிட்டுச் சொடுக்குங்கள். பேட்டர்ன் முழுதும் நகர்ந்து உட்காரும், சுவர் அசையாது. நிறம் மாறாவிட்டால் ஜூமை நெருக்கிப் பாருங்கள். தூரத்தில் கோடுகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

படுக்கை வரியைச் சேர்த்தால் நிற்கும் ஜாயிண்ட் தானாகச் சேராது. சுவர் மூலையில் நெட்டாக இன்னொரு பிளேன் போட்டு அதையும் தனியாக அலைன் செய்ய வேண்டும். ஒவ்வொரு சுவர் முகத்துக்கும் தொடக்கப் புள்ளி தனி என்பதால் கைப்பிடிச் சுவருக்கும் இதே வேலை உண்டு. கீழ்ச்சுவரின் கோட்டைப் பார்த்து மேல்சுவரைச் சேர்க்காதீர்கள், எல்லாவற்றையும் ஒரே பேஸ்மென்ட் பிளேனுக்குக் கொண்டுவாருங்கள். மேல்சுவரின் முகத்துக்குள் அந்த பிளேன் வராவிட்டாலும் பரவாயில்லை. அதன் ஏதாவது ஒரு வரிக்கோட்டைப் பிடித்துச் சேர்த்தால், 100-க்கு 100 என்று மற்றவை வரிசையில் வந்துவிடும்.

வரைபலகை

டேப் வேலை செய்தது, நன்றி. வரிகள் சேர்ந்துவிட்டன. மூலையில் மட்டும் இரு முகங்களிலும் ஒரே வரியில் முழுச் செங்கல் தொடங்குகிறது. அது சரியா?

இங்கிலீஷ்பாண்ட்

சரியில்லை. அதற்கு முன், உங்கள் பேட்டர்னே அந்தச் சுவருக்குப் பொருந்தாது. ரன்னிங் பாண்ட் 90 மி.மீ. அரைச்செங்கல் சுவருக்கானது. 190 சுவரைக் கொத்தனார் இங்கிலீஷ் பாண்டில் கட்டினால், வெளியே ஒரு வரி நீளப்பக்கம், அடுத்த வரி தலைப்பக்கம் (செங்கலின் குறும்பக்கம்) என்று மாறிமாறித் தெரியும். பூச்சில்லாத சுவரில் எலிவேஷன் அதைக் காட்டத்தான் வேண்டும். கட்டிய பிறகு எல்லோர் கண்ணிலும் படுவது அதுதான்.

பேட்டர்ன் கோப்பை நோட்பேடில் எழுதலாம். தலையில் அலகு மி.மீ. என்ற வரி, அதன் கீழ் நட்சத்திரக் குறியுடன் பெயர், அடுத்து வகை மாடல் என்ற வரி. இந்த வகை வரி விடுபட்டால், மாடலாக இம்போர்ட் செய்யும்போது கோப்பில் பேட்டர்னே இல்லை என்று ரெவிட் சொல்லும். பிறகு இந்த மூன்று வரிகள்:

0, 0,0, 0,100
90, 0,0, 0,200, 100,-100
90, 50,100, 0,100, 100,-100

முதல் வரி படுக்கை ஜாயிண்ட். இரண்டாவது, நீளப்பக்க வரியில் 200-க்கு ஒன்றாக நிற்கும் ஜாயிண்ட். மூன்றாவது, தலைப்பக்க வரியில் 50 தள்ளித் தொடங்கி 100-க்கு ஒன்று. கடைசி வரிக்குப் பின் ஒரு என்டர் தட்டிச் சேமியுங்கள்.

மூலையில் ஒரு முகத்தில் நீளப்பக்கம் தெரியும் வரியில், அடுத்த முகத்தில் தலைப்பக்கம் தெரிய வேண்டும். அதனால் இரண்டாவது முகத்தின் பேட்டர்னை மட்டும் ஒரு வரி, அதாவது 100 மி.மீ., மேலே ஏற்றுங்கள். இன்னொன்று: தலைப்பக்க வரியில் மூலையிலிருந்து 50-இல் பேட்டர்ன் ஒரு ஜாயிண்ட் காட்டும். உண்மையில் மூலையில் முழுத் தலை வந்து, அதன் பிறகுதான் கால்செங்கல் குளோசர் (இடத்தை நிரப்பும் துண்டு) வரும். ஆகவே ஜாயிண்ட் 100-இல் இருக்க வேண்டும். பேட்டர்னால் இதைக் காட்ட முடியாது. 1:100-இல் விட்டுவிடலாம். 1:20 டீட்டெயிலில் அந்தப் பட்டையை மாஸ்க்கிங் ரீஜனால் மறைத்துக் கோடு போடுங்கள்.

செங்கல் அளவைச் சூளையிலேயே அளந்துகொள்ளுங்கள். ஐ.எஸ். 1077 (செங்கலுக்கான இந்தியத் தரம்) சொல்லும் 190×90×90 கிடைத்தால் சில் (ஜன்னலின் அடிமட்டம்) 900, லிண்டல் 2100 இரண்டும் வரியில் சரியாக விழும். 75 மி.மீ. உயரச் செங்கல் என்றால் வரி 85. 900-க்கு பத்தரை வரிக்கு மேல் வரும், சில்லை 850-க்கோ 935-க்கோ மாற்ற வேண்டியிருக்கும். பேட்டர்னை இழுத்து இதை மறைத்தால் கட்டும் இடத்தில் செங்கலை வெட்டுவார்கள்.

நூல்குண்டு

பிளான் ஹேட்சுக்கு வருகிறேன். கட் பேட்டர்ன் (வெட்டுப்பகுதியில் தெரியும் வடிவம்) எப்போதும் டிராஃப்டிங் வகைதான், அலைன் அங்கே உதவாது. ஃபில் பேட்டர்ன்ஸில் அந்தச் சாய்கோட்டை டூப்ளிகேட் செய்து, ஓரியண்டேஷன் இன் ஹோஸ்ட் லேயர்ஸ் என்பதை அலைன் வித் எலிமென்ட் ஆக்குங்கள். அந்த டூப்ளிகேட்டைச் செங்கல் மெட்டீரியலின் கட் பேட்டர்னில் கொடுங்கள். மூலப் பேட்டர்னையே திருத்தினால் அதைப் பயன்படுத்தும் மற்ற மெட்டீரியல்களும் மாறிவிடும்.

இப்போது சாய்ந்த சுவரிலும் கோடு முகத்துக்கு 45-இல் நிற்கும். ஆனால் சுவர்கள் சேரும் இடத்தில் கோடுகள் திசை மாறி முறியும். உங்கள் சுவர் 45 என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. 10, 15 டிகிரி மட்டும் திரும்பும் சுவர் என்றால் ஓரியண்ட் டு வியூவிலேயே (சுவர் திரும்பினாலும் கோடு திரும்பாத அமைப்பு) விடுவேன். கோடு தொடர்ந்து ஓடினால் சுவர் ஒரே உடம்பாகத் தெரியும்.

கோடுகாரன்

ஆட்டோகேடில் இதே வேலை செய்பவர்களுக்கு: செங்கல் ஹேட்ச் போடும் முன் செட் ஆரிஜினில் (ஹேட்சின் தொடக்கப் புள்ளி) பேஸ்மென்ட் மூலையைச் சொடுக்குங்கள். பக்கத்துச் சுவருக்கு இன்ஹெரிட் (முந்தைய ஹேட்சின் அமைப்பை எடுத்துக்கொள்வது) கொடுக்கும்போது யூஸ் சோர்ஸ் ஹேட்ச் ஆரிஜினைத் தேர்ந்தெடுத்தால் வரி தொடரும். சர்வே ஆயத்தொலைவில் வரைந்த கோப்பில் ஹேட்ச் சிதறித் தெரிந்தாலும் ஆரிஜினைக் கட்டடத்தின் அருகே கொண்டுவந்து பாருங்கள்.