கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லை மீட்பதும் ஊசிப்புல்லை அடக்குவதும்

கேள்வி (தாராபுரம் மேய்ச்சல்காரன்):
தாராபுரம் வட்டத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம், இருக்கிறது. சரளை கலந்த செம்மண். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே பத்துப் பதினைந்து வெள்வேல மரங்கள். என் தந்தையார் காலத்தில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நின்ற காடு இது. நான் வெளியூரில் இருந்த ஆண்டுகளில் குத்தகைக்கு எடுத்தவர் படலை (வேலி வாசலின் தட்டியை) அடைக்காமல் ஆண்டு முழுவதும் ஆடுகளை மேயவிட்டதால், இப்போது ஊசிப்புல்லும் துடைப்பப்புல்லுமே மிஞ்சியிருக்கின்றன. மார்கழி பிறந்துவிட்டால் அந்த ஊசிகள் செம்மறிகளின் தோலைத் துளைத்து, வாயையும் புண்ணாக்குகின்றன. சென்ற ஐப்பசியில் அந்த ஆண்டே அறுத்த விதை பன்னிரண்டு கிலோ வாங்கி, உழுது தூவி, கொத்துக் கலப்பையால் மூடினேன். களை மட்டுமே முளைத்தது. இனிக் களைக்கொல்லி தெளிப்பதுதான் வழியா?

பதில் 1 (வெள்வேல்நிழல்):
ஐயா, தவறு களையில் தொடங்கவில்லை, விதையில் தொடங்கியது. கொழுக்கட்டைப் புல்லின் புது விதைக்கு உறக்கநிலை உண்டு. அறுத்து ஆறு மாதங்களாவது ஆகாத விதை எளிதில் முளைக்காது. அதைவிடப் பெரிய பிழை ஆழம். பஞ்சு போன்ற பூமுடிக்குள் இருக்கும் அந்தச் சிறு விதை ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மேலே வரத் தெம்பிருக்காது. கொத்துக் கலப்பை அதை நான்கு விரற்கடைக்குக் கீழே புதைத்துவிடும். ஏக்கருக்கு மூன்று கிலோ என்ற தங்கள் அளவு சரியே. ஈரமணலுடன் பிசைந்து தூவி, முள்கிளையை ஒருமுறை இழுத்துவிட்டால் போதும்.

பதில் 2 (செம்மண் சரளை):
களைக்கொல்லியைப் பற்றி: அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும் மருந்து ஊசிப்புல்லை ஒன்றும் செய்யாது, புல்லைக் கொல்லும் மருந்தோ கொழுக்கட்டையையும் சேர்த்தே கொல்லும். எனவே விதைக்கும் முன்பே மண்ணிலுள்ள களைவிதையைக் குறைப்பதுதான் காரியம். ஆவணியில் பெய்யும் முதல் மழைக்குக் களை முளைக்கட்டும். அது பூப்பதற்குள் மேலாக ஓர் உழவு ஓட்டுங்கள். அடுத்த மழைக்கு மீண்டும் முளைப்பதையும் அவ்வாறே அழித்து, புரட்டாசி இறுதியில், வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பாக விதையுங்கள். இரண்டாம் உழவு ஆழமாகிவிட்டால் புதைந்து கிடந்த களைவிதையெல்லாம் மேலே வந்து, பட்ட பாடு வீணாகும். கோரை இருக்கும் மூலையை மட்டும் உழவே வேண்டாம், கிழங்கு அறுந்து பெருகிவிடும்.

பதில் 3 (மேச்சேரி ஆடு):
நான்கு ஏக்கரையும் உழச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மானாவாரிச் சரளை நிலத்தைத் திறந்துபோட்டு அந்த ஆண்டு மழை பொய்த்தால், இருக்கும் மேல்மண்ணும் காற்றோடு போய்விடும். வேலியோரத்திலும் மரநிழலிலும் பழைய கொழுக்கட்டைத் தூர்கள் கட்டாயம் இருக்கும். அவற்றை முதலில் தேடுங்கள். மழைக்காலத்தில் அந்தத் தூர்களைப் பிரித்து வேருடன் நட்டால், விதையை விட உறுதியாகப் பிடிக்கும்.

மேலும், ஊசிப்புல்லும் நம் மண்ணுக்குரிய புல்தான். இளம்பருவத்தில் ஆடு அதை விரும்பியே தின்னும். கதிர் முற்றிய பின்தான் பகையாகிறது. ஆகவே கொழுக்கட்டை இல்லாத பகுதியில், கதிர் வெளிவருவதற்கு முன்பே ஆடுகளை நெருக்கமாக விட்டு மேய்த்துவிடுங்கள். தீ வைத்து அழிக்கலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். தீக்குப் பிறகு முந்திக்கொண்டு எழுவது ஊசிப்புல்லே. களை என்பது இடத்தைப் பொறுத்தது என்பதற்கு வேறு சான்றும் உண்டு: நாம் தேடித்தேடி விதைக்கும் இதே கொழுக்கட்டைப் புல் அரிசோனாவின் பாலையில் பெருங்களையாகி, காட்டுத்தீயைப் பரப்பி, அங்குள்ள உயரமான சாகுவாரோ கள்ளிகளை அழிப்பதால், ஆட்களைத் திரட்டிப் பிடுங்கி எறிகிறார்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வடக்கு வேலியோரம் நாற்பது தூர்கள் வரை இருப்பதை இன்று காலையில் எண்ணிப் பார்த்தேன். மேற்கு ஓர் ஏக்கரை மட்டும் இருமுறை மேலாக உழுது விதைத்து, மற்றதில் தூர் நடலாம் என்று எண்ணுகிறேன். விதைத்த இடத்தில் ஆடுகளை எப்போது விடலாம்?

பதில் 1 (வெள்வேல்நிழல்):
முதல் ஆண்டில் விடவே வேண்டாம். இளம் தூரை ஆடு கவ்வி இழுத்தால் வேரோடு வந்துவிடும். பயிர் கதிர் பிடித்து, விதை உதிர்ந்த பிறகு, உயரமானதை மட்டும் அரிவாளால் அறுத்துக் கட்டுத்தறிக்குக் கொண்டுவந்து போடுங்கள். இரண்டாம் ஆண்டு மழையில் தூர் கட்டியதும், கையால் இழுத்துப் பாருங்கள்; அசையாமல் நின்றால் படலைத் திறக்கலாம். வரிசைகளின் நடுவே நரிப்பயறு தூவினால், வெற்றிடத்தைக் களை பிடிக்கும் முன் அது பிடித்துக்கொள்ளும்.