ஆரல்வாய்மொழியிலிருந்து ராம்கர்: மணலோடு குடித்தனம் நடத்துவது எப்படி?

காற்றாலை வீட்டுக்காரி:
ராஜஸ்தானில், ஜெய்சல்மேரிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி ராம்கர். கணவருக்குக் காற்றாலையில் வேலை. நானும் நான்கு வயது மகனும் மார்ச்சில் வந்து சேர்ந்தோம். ஆரல்வாய்மொழிக்காரிக்குக் காற்று புதிதா என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்க் காற்று சாரலைக் கொண்டுவரும். இது மணலை அள்ளி வருகிறது. நேற்று மாலை மேற்கே செம்மண் சுவர் போல ஒன்று எழுந்தது. பக்கத்து வீட்டம்மாள் "ஆந்தி, ஆந்தி" என்று கத்தினார். மணற்புயலுக்கு இங்கே அந்தப் பெயர். கொடியில் கிடந்த துணிகளை எடுப்பதற்குள் வந்துவிட்டது. மூடிவைத்த சோற்றிலும் நறநற. "அம்மா, சோற்றில் கல்" என்று மகன் துப்புகிறான்.

போதாததற்கு இந்திரா காந்தி கால்வாயைப் பராமரிப்புக்காக அடைத்துவிட்டார்கள். இங்கே அதற்கு 'நஹர்பந்தி' என்று பெயர். லாரித் தண்ணீர்தான். தோசை மாவோ விடிவதற்குள் புளித்துப் பொங்கி, மேலே அப்பளமாகக் காய்ந்துவிடுகிறது. கோடைக்கு மகனை அம்மாவிடம் விட்டுவிடலாமா?

படைவீட்டு அக்கா:
தங்கச்சி, ஜெய்சல்மேரில் ஆறு வருடம் இருந்தேன். வானம் மஞ்சளித்தால் அடுப்பை அணைத்துவிடு, சமையல் பிறகு. கூலர் வாங்கினால் எதிர்ப்பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை. அடைத்த அறையில் புழுங்கும். ஜூலையில் காற்றில் ஈரம் ஏறியதும் அது உதவாது, மின்விசிறிதான். செருப்பை உதறாமல் போடாதே, தேள் இருக்கும். இரவில் டார்ச் இல்லாமல் வாசலில் இறங்காதே: சுருட்டை விரியன் மணல் நிறத்திலேயே கிடக்கும். பிள்ளையை அனுப்பாதே. காலையும் மாலையும் வெளியே விடு, நடுப்பகலில் வீட்டுக்குள் வை.

பொக்ரான் வாத்தியார்:
அக்கா சொல்வதில் கடைசி வரியை மட்டும் ஏற்கமாட்டேன். மே, ஜூன் இரண்டு மாதமும் பாட்டி வீட்டில் இருக்கட்டும். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் பிள்ளைக்கு என்ன வீரம்? மாவை இரவு பத்து மணிக்கு அரைத்து, ஈரத்துணி போட்டு மூடி, விடியற்காலையில் எழுந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஜனவரியில் கம்பளி சுற்றினாலும் பொங்காது, அது வேறு கதை. அதைவிட, அக்கம்பக்கத்தில் 'ராப்' கேட்டுப் பாருங்கள். கம்பு மாவை மோரில் காய்ச்சியது. நம் கம்பங்கூழுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அவர்கள் சமைக்கும் சாங்கிரி கேஜ்ரி மரத்தின் காய். கேஜ்ரி வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் நிற்கும் வன்னிதான்.

காற்றாலை வீட்டுக்காரி:
வாத்தியார் ஐயா, படித்ததும் தெருமுனை மரத்தைப் போய்ப் பார்த்தேன். வன்னியேதான்! சுற்றிவந்து கும்பிட்ட மரத்தின் காயை எண்ணெயில் வதக்கித் தின்கிறார்கள். பக்கத்து வீட்டம்மாள் ஒரு கிண்ணம் கொடுத்தார். மகன் இரண்டு முறை கேட்டு வாங்கினான். அவனை அனுப்புவதா என்று இன்னும் முடிவாகவில்லை, அவன் அப்பா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். அக்கா, செருப்பை உதறினேன். தேள் இல்லை. ஒரு கைப்பிடி மணல்.