பென் ஸோப்ரிஸ்டை ஒரே சுற்றில் வெளியே அனுப்பியது நியாயமா?

டக்அவுட் திண்ணை:
பேஸ்பாலின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கு இடம் தரும் ஹால் ஆஃப் ஃபேமின் 2025 வாக்கெடுப்பில் ஸோப்ரிஸ்ட் பெயர் முதல்முறையாக வந்தது, 5 சதவீத ஓட்டுகூடத் தேறாததால் அதோடு பட்டியலைவிட்டே போய்விட்டது. உள்ளே விட்டே ஆகணும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அடுத்த வருஷமும் பேசவாவது இடம் கொடுத்திருக்கலாம். 2009-ல் டாம்பா பே அணிக்காக பிட்சர் (பந்து போடுபவர்), கேட்சர் (அதைப் பிடிப்பவர்) தவிர களத்தின் மற்ற ஏழு இடத்திலும் நின்றார், அதே வருஷம் 27 ஹோம் ரன், பேட்டிங் சராசரி .297. ஓரிடத்திலேயே நிற்கிறவருக்குக்கூட இது பெரிய வருஷம்தான்.

பழைய கிளவுஸ்:
ஒரு வருஷத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் ஓட்டுவீர்கள்? மொத்தக் கணக்கைப் பாருங்கள்: 1,566 ஹிட் (அடித்து பேஸை எட்டியது), 167 ஹோம் ரன், சராசரி .266. சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருது ஒன்றுகூடக் கிடையாது. பல இடம் ஆடியவர்தான் வேண்டும் என்றால் கிரெய்க் பிஜியோ இருக்கிறார், கேட்சராக ஆரம்பித்து செகண்ட் பேஸ், அப்புறம் சென்டர் ஃபீல்டு என்று மாறினார், ஆனால் 3,060 ஹிட்டோடு வந்து கதவைத் தட்டினார். திறக்காமல் இருக்க முடியுமா?

டக்அவுட் திண்ணை:
பிஜியோ மாறியது வருஷக்கணக்கில். இவர் ஒரே வாரத்துக்குள் செகண்ட் பேஸிலும் ரைட் ஃபீல்டிலும் நிற்பார், சில நாள் ஒரே ஆட்டத்திலேயே இடம் மாறுவார். அப்போது ஒரு அணிக்கு 25 பேர்தான், அதில் பன்னிரண்டு பதிமூன்று பேர் பிட்சர்கள். பெஞ்சில் மிஞ்சுவது நாலைந்து பேர், அதிலும் ஒருத்தர் மாற்று கேட்சர். அந்த நெருக்கடியில் எங்கே விட்டாலும் நின்று, வலக்கை, இடக்கை இரண்டு பக்கமும் அடிக்கிற ஒருவர் இருந்தால் மேனேஜர் ஜோ மேடனுக்கு எவ்வளவு வசதி என்று யோசியுங்கள்.

பழைய கிளவுஸ்:
வசதி மேடனுக்கு, சரி. மேனேஜரின் வசதிக்கெல்லாம் ஹால் ஆஃப் ஃபேமில் பலகை மாட்ட முடியாதே. இன்னொன்று, சிகாகோ கப்ஸ் அணி 2015 டிசம்பரில் நாலு வருஷத்துக்கு 56 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்தது இவரை ஒப்புக்குச் சப்பாணியாக வைத்துக்கொள்ள இல்லை, செகண்ட் பேஸ் ஆட. 2016 சீசனில் பெரும்பாலும் அங்கேதான் ஆடினார். நீங்கள் கொண்டாடுகிற ‘யுடிலிட்டி’, அதாவது எந்த இடத்திலும் ஆடுவது, அப்போது எங்கே போச்சு?

இடக்கை வாசகன்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும் கிளவுஸ் அண்ணே, அந்த 2016 உங்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும். பட்டத்தை முடிவு செய்யும் வேர்ல்டு சீரிஸில் கப்ஸுக்கு செகண்ட் பேஸில் நின்றது ஹாவியர் பாயெஸ். ஸோப்ரிஸ்ட் லெஃப்ட் ஃபீல்டுக்கு நகர முடிந்ததால்தான் பாயெஸின் அந்த அற்புதமான கையை அங்கே வைக்க முடிந்தது. ஏழாவது ஆட்டம், எதிரணி கிளீவ்லாந்து, 6-6, மழைக்கு நின்று தொடங்கிய பத்தாவது இன்னிங்ஸ். கப்ஸின் ரிஸ்ஸோவை வேண்டுமென்றே அடிக்கவிடாமல் முதல் பேஸுக்கு நடக்கவிட்டு ஸோப்ரிஸ்டுக்குப் போடுகிறார்கள், அந்த முடிவை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பிரையன் ஷா போட்ட பந்தை இடக்கை ஆட்டத்தில் எதிர்ப்பக்கமாகத் தட்டினார், மூன்றாம் பேஸைத் தாண்டிக் கோட்டோரமாக ஓடியது, டபுள் (இரண்டாம் பேஸை எட்டும் அடி), பேஸில் இருந்த அல்மோரா ஹோம் பேஸுக்கு ஓடிவந்து ரன் எடுத்துவிட்டார். கடைசியில் கப்ஸ் 8-7. கப்ஸுக்கு 1908-க்குப் பிறகு முதல் பட்டம், இவருக்கு தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது.

பழைய கிளவுஸ்:
அதற்குத்தான் எம்விபி கொடுத்தாயிற்றே தம்பி. ஒரே டபுளுக்கு எத்தனை தடவை பரிசு கொடுப்பது?

டக்அவுட் திண்ணை:
டபுளை விடுங்கள். கோல்டு கிளவில் யுடிலிட்டிக்குத் தனி விருது 2022-ல்தான் வந்தது, இவர் ஆடி முடித்த பிறகு. ‘கோல்டு கிளவ் கிடையாது’ என்று நீங்கள் சொன்னீர்களே, அந்தக் காலத்தில் இவரை எந்த இடத்துக்கான பட்டியலில் சேர்த்திருப்பார்கள்? ஓரிடத்திலேயே நின்றவர்களுக்குப் போட்ட தராசு அது.

பழைய கிளவுஸ்:
தராசைக் குறை சொல்வது இருக்கட்டும். ஆரம்பத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக வந்தபோது அடிக்கவே வரவில்லை, முழு சீசன் ஆடும்போது 28 வயது ஆகிவிட்டது. போன அந்த வருஷங்களை எந்த விருதும் திருப்பித் தராது. நல்ல ஆட்டக்காரர், இரண்டு அணியில் இரண்டு சாம்பியன் மோதிரம் வாங்கினார். என் ஓட்டு மட்டும் கிடையாது.

இடக்கை வாசகன்:
உங்களுக்கு ஓட்டே கிடையாது அண்ணே, அதனால் பிரச்சினையில்லை.