டீ பேக் உறையை மடிச்சுப் பூ செய்யுறது: நம்ம நெல்லைப் பக்கத்து ஆட்களோட அனுபவம்

பாளையங்கோட்டையிலிருந்து:

எங்க மயினி குற்றாலத்துல ஒரு லாட்ஜில் வேலை பாக்காங்க. சீசன் நேரத்துல ஆள் காலி பண்ணிட்டுப் போன அறையில டீ பேக் உறையா கிடக்கும். எலுமிச்சை, இஞ்சி, துளசின்னு படம் போட்ட அந்த உறைகளைத் தூக்கிப் போட மனசு வராம சேர்த்து வச்சு எனக்குக் கொடுத்தாங்க. அதை வச்சு என்ன செய்யலாம்னு தேடப் போய்த்தான் இந்தக் கைவேலை எனக்குத் தெரிஞ்சுது.

தொடங்கி வச்சது நெதர்லாந்துக்காரங்க. டினி வான் டெர் பிளாஸ்ங்கிற அம்மா 1992-ல, உடன்பிறந்தவளோட பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை செய்ய டீ பேக் உறைகளைச் சதுரமா வெட்டி மடிச்சிருக்காங்க. அங்க பழ டீ குடிக்கிற பழக்கம் உண்டு. ஒரே படம் போட்ட உறை வீட்லயே சேரும். நம்ம பக்கம் மாஞ்சோலை மலையில 2024 வரை தேயிலை விளைஞ்சிருந்தாலும் வீட்டு அடுப்புல கொதிக்கிறது தூள் டீதான். அதனால உறை சேரட்டும்னு காத்திருந்தா தொடங்கவே மாட்டோம்.

முதல்ல சாதாரண வெள்ளைத் தாள்ல 5 செ.மீ. சதுரம் எட்டு வெட்டுங்க. கத்தரி வேண்டாம், ஓரம் கோணும். ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடிச்சு பிளேடால வெட்டணும். சதுரத்தை மூலைக்கு மூலை ஒரு தடவை மடிச்சுப் பிரிங்க. கோடு முடியுற ஒரு மூலையில சேருற ரெண்டு ஓரத்தையும் அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தா பட்டம் மாதிரி வரும். அதோட கூர் முனை 45 டிகிரி. எட்டு தடவை 45-னா 360. எட்டுக் கூர் முனையையும் நடுவுல சேர்த்து ஒட்டினா இடைவெளி இல்லாம சுத்தி முடியுது. எட்டாவதை வைக்கும்போது இடம் பத்தலைன்னாலோ மிஞ்சினாலோ ஏதோ ஒரு துண்டு சரியான சதுரமா இல்லைன்னு அர்த்தம்.

வெள்ளைத் தாள்ல இது சரியா வந்த பிறகு படம் போட்ட தாளை எடுங்க. படம் இருக்கிற பக்கத்தைக் கீழ வச்சு மடிச்சா, உள்ள மடிச்ச ரெண்டு பக்கத்துலயும் படமும் வெளி முனையில சின்ன வெள்ளை முக்கோணமும் தெரியும். எட்டுத் துண்டுலயும் படத்தோட அதே மூலைதான் நடுவுக்கு வரணும். இந்த வேலையோட உயிரே அதுதான். மடிக்கிறதுக்கு முன்னாடி எட்டையும் ஒரே பக்கம் பார்த்த மாதிரி வரிசையா அடுக்கி, நடுவுக்குப் போற மூலையோட பின்பக்கம் பென்சிலால புள்ளி வச்சுடுங்க. அந்த மூலையில ஒரு இலை இருந்தா எட்டு இலை கூடும், எலுமிச்சைத் துண்டு இருந்தா அது சக்கரமாகும். படத்துல இல்லாத ஒரு புது உருவம் நடுவுல விரியும் பாருங்க, அதுக்காகவே நான் ராத்திரி பாத்திரம் கழுவி வச்சுட்டு உட்காருறேன்.

ஒரு கணக்கு தெரிஞ்சுக்கிடுங்க. 5 செ.மீ. சதுரத்துல பட்டம் மடிச்சா முழுப் பூ 14 செ.மீ. அகலம் வந்துடும், வாழ்த்து அட்டைக்குப் பெரிசு. அட்டைக்குன்னா 3 செ.மீ. சதுரம் போதும், எட்டரை செ.மீ. வரும். ஆனா புதுசா பழகுற கைக்கு அவ்வளவு சின்னது வேண்டாம்.

முக்கூடலிலிருந்து:

அக்கா, நீங்க உறைக்கு குற்றாலம் வரை போறிய. எங்க ஊர்ப் பெட்டிக்கடையிலயே சாமான் கிடக்கு. பீடிக் கட்டைச் சுத்தி வர்ற லேபிள்! மெல்லிசுத் தாள், பளிச்சுனு நிறம், அத்தனையும் ஒரே படம். கடைக்கார அண்ணாச்சிகிட்ட சொல்லி வச்சேன், பிரிச்ச லேபிளைத் தனியா ஒரு டப்பாவுல போட்டு வைக்காங்க. ஈரத்துணியால துடைக்கக் கூடாது, நிறம் போயிடும். புத்தகத்துக்குள்ள ஒரு ராத்திரி வச்சாலே சுருக்கம் எடுத்துடும்.

எங்க தெருவுல பீடி சுத்துற பொம்பளைங்க நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். இலையை மடக்கிப் பழகின விரல் அது, மடிப்பு கத்தி மாதிரி விழுது. ஒருத்தங்க என்னைவிட வேகமா மடிச்சு, அடுத்ததுக்குக் கையை நீட்டிட்டாங்க. அவுங்க செஞ்சதைப் பார்த்துத்தான் எனக்கே இந்த வேலை மேல மரியாதை கூடுச்சு.

தென்காசியிலிருந்து:

நான் பள்ளிக்கூடத்துல கணக்கு எடுக்கேன். அக்கா சொன்ன அந்த 45 டிகிரியை வகுப்புலயே செய்ய வச்சேன். கோணமானி இல்லாமலே செங்கோணம் பாதியாகுறதைப் பிள்ளைங்க விரல்ல உணர்ந்தாங்க. பட்டத்துல ஒன்பது ஒட்டலாமான்னு ஒரு பையன் கேட்டான். ஒட்டிப் பாருன்னேன். நடு தூக்கிக்கிட்டு நின்னுச்சு. ஏன்னு அவனே சொல்லிட்டான்.

தாளுக்கு ஜெராக்ஸ் கடை. பத்தமடைப் பாயோட கரையைப் படம் எடுத்து, 5 செ.மீ. கட்டமா அடுக்கி ஏ4 தாள்ல கலர் பிரிண்ட் போட்டேன். ஒரு தாள்ல இருபது கட்டம், ரெண்டு பூவுக்குப் போக நாலு மிஞ்சும். லேசர் பிரிண்ட்னா மடிப்புல மை உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியலாம், நகத்தால ரொம்ப அழுத்தாதிய. இங்க்ஜெட்னா ஈரம் பட்டா கலங்கும். கல்யாணப் பத்திரிகை கவரும் நல்லா மடியும், ஒரே கல்யாணத்துது எட்டு சேர்ந்தா போதும். சாமி படம் உள்ள பகுதியை விட்டுட்டு கரையை மட்டும் வெட்டுங்க.

ஒரு சந்தேகம் கேக்கணும் அக்கா. பசை எங்க வைக்கிறிய? என் பிள்ளைங்க வச்சதெல்லாம் நெளிஞ்சுக்கிட்டு நிக்கி.

பாளையங்கோட்டையிலிருந்து:

தண்ணியா இருக்கிற வெள்ளைப் பசைன்னா தாள் ஊறி நெளியத்தான் செய்யும். க்ளூ ஸ்டிக் வாங்கிக் கொடுங்க. அது இல்லைன்னா வெள்ளைப் பசையையே ஈர்க்கு நுனியில தொட்டு, பட்டத்தோட பின்பக்கம் நடுக்கோட்டுல மட்டும் வைங்க, ஓரத்துல வேண்டாம். அட்டையில முதல்ல பென்சிலால நடுப்புள்ளி வழியா சம இடைவெளியில நாலு கோடு போட்டுக்கிடணும். மேல, கீழ, இடம், வலம்னு நாலை முதல்ல ஒட்டிட்டு, மிச்ச நாலை இடையில சொருகினா நடு நகராது. உள்பக்கம் வெள்ளி மினுமினுக்கிற உறை கிடைச்சா பசை பிடிக்காது, மடிப்பும் திரும்ப எந்திரிக்கும். அதை ஒதுக்கிடுங்க.

முக்கூடல் தங்கச்சி, அந்த லேபிள்ல பதினாறு எனக்கு எடுத்து வைங்க. எங்க மயினி அடுத்த வாரம் அம்பாசமுத்திரம் வழியா வாறாங்க, அவுங்ககிட்ட கொடுத்து விடுங்க.