மலைச்சரிவில் செயின்சோ: கண்டதும் பட்டதும்

செயின்சோ என்ற மரம் வெட்டும் சங்கிலி மெசினோடு இலங்கை மலைநாட்டில் வேலை செய்கிறவர்கள், ஊருக்கு ஊர் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவை.

நுவரெலியாவிலிருந்து

கீழ்நாட்டில் வாங்கி, அங்கேயே டியூன் பண்ணி மேலே கொண்டுவரும் செயின்சோ எல்லாவற்றுக்கும் ஒரே முறைப்பாடு: “ஸ்டார்ட் ஆகுது, மரத்துல வச்சா இழுக்க மாட்டேங்குது.” பிளக்கைக் கழற்றினால் கன்னங்கரேலென்று ஈரமாக இருக்கும். மெசினில் கோளாறு இல்லை. நகரம் இருப்பது 1,868 மீற்றர் உயரத்தில். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். பெற்றோல் பழைய அளவிலேயே வருகிறது, காற்று போதவில்லை.

முதலில் எயார் பில்டரைக் கழற்றித் தட்டிக் கழுவிப் போடுங்கள். அடைத்த பில்டரும் இதே கரும்புகையைத்தான் தரும். அப்புறமும் சரிவராவிட்டால், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரில் ‘எச்’ என்று பொறித்த திருகை வலப்பக்கமாக அரைக்கால் சுற்று. அதற்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள். மரத்தில் வைக்காமல் முழு வேகம் கொடுத்தால் சத்தம் கொஞ்சம் தடுமாற வேண்டும், மரத்தில் இறங்கியதும் தெளிய வேண்டும். வெறுங்காற்றிலேயே கீச்சென்று தெளிவாகக் கத்தினால் கலவையில் பெற்றோல் குறைந்துவிட்டது; திருகைத் திரும்ப இடப்பக்கம் கொண்டுவாருங்கள்.

இதிலுள்ள கண்ணி பிறகுதான் தெரியும். மேலே இறுக்கிய மெசினை அப்படியே இரத்தினபுரிக்கோ கண்டிக்கோ வேலைக்குக் கொண்டுபோனால், அங்கே காற்று தாராளம், பெற்றோல் குறைவு. சூடேறி பிஸ்டனில் கோடு விழுந்து சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். இறங்குவதற்கு முன் திருகை இருந்த இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். எங்கே இருந்தது என்று பெயின்ற் புள்ளி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. தானே டியூன் செய்துகொள்ளும் புது மொடல்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. ஆனால் உயரத்தில் போன பவரை எந்தத் திருகும் திருப்பித் தராது. 20 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் தகடு) போட்டிருந்தால் 18க்கோ 16க்கோ இறங்குங்கள்.

ஹட்டனிலிருந்து

அண்ணே, திருகில் கைவைக்கும் முன் பெற்றோலில் ஒயில் கலந்த அளவைப் பாருங்கள். இங்கே பாதிப் பேர் “கொஞ்சம் கூட ஊத்தினா மெசினுக்கு நல்லது” என்று டூ-ஸ்ட்ரோக் ஒயிலைக் கண்மதிப்பில் ஊற்றுகிறார்கள். நல்ல ஒயில் என்றால் 50க்கு 1: ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லி, 5 லீற்றருக்கு 100 மில்லி. தரம் தெரியாத ஒயில் என்றால் 25க்கு 1, அதாவது லீற்றருக்கு 40 மில்லி. மருந்துக்கடையில் விற்கும் ஊசிக் குழல் இதற்குப் போதும். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஈரமான ஊர், கேனின் மூடி இறுக்கமில்லாவிட்டால் அடியில் தண்ணீர் நிற்கும்.

செயினுக்கு கராஜில் வடித்த கழிவு ஒயில் ஊற்றுவது இன்னொரு கெட்ட பழக்கம். அதில் இரும்புத்தூள் கலந்திருக்கும். பம்பையும் பாரின் காடியையும் தின்னும், கையிலும் ஒட்டும். ஒயில் இறங்குகிறதா என்று பார்க்க, பாரின் நுனியை வெட்டிய அடிமரத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து அரை வேகம் கொடுங்கள். கட்டையில் ஒரு கோடாக ஒயில் தெறிக்க வேண்டும். ஜனவரி விடியற்காலைக் குளிரில் கட்டியான ஒயில் இறங்காது, கோடும் விழாது. அந்தக் காலத்துக்கு மெல்லிய ஒயில்.

செயின் பல்லைத் தீட்ட எந்த அரம் என்று கேட்டிருந்த தம்பிக்கு: செயினின் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்) 0.325 என்றால் 4.8 மில்லிமீற்றர் உருண்டை அரம். 3/8 என்றால் 5.2 அல்லது 5.5. சின்ன மெசினில் வரும் குட்டை 3/8க்கு 4 மில்லிமீற்றர். கோணம் 30 பாகை. முன்பக்கமாக மட்டும் தள்ளுங்கள். இழுக்கும்போது அரம் பல்லில் படக்கூடாது. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, மூன்று தள்ளு என்றால் மூன்றுதான். ஒரு பக்கத்துப் பல் நீளமாகிவிட்டால் வெட்டு வளைந்து போகும், பாரில்தான் பிழை என்று நினைத்து புது பார் வாங்குவார்கள். மரத்தூளைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். திருவல் திருவலாக வந்தால் செயின் நன்றாக இருக்கிறது, மாவு மாதிரி வந்தால் அரம் கேட்கிறது.

வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்திவிடுங்கள். சூட்டில் இறுக்கிய செயின் குளிர்ந்து சுருங்கினால் கிராங்கின் பெயாரிங்கை இழுக்கும். மத்தியான வெயிலில் இறுக்கி, பனியில் வைத்துவிட்டுப் போகிற இடம் இது.

வெலிமடையிலிருந்து

மெசினை விட மரத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். தோட்டத்தில் டர்பன்டைன் என்று சொல்லும் யூகலிப்டஸ் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். விழும் பக்கம் வாய் (ஆப்பு வடிவ வெட்டு) எடுத்துவிட்டுப் பின்னாலிருந்து வழக்கம்போல வெட்டிக்கொண்டு போனால், வெட்டு முடியும் முன்னே தண்டு நெடுக்காகப் பிளந்து மேலேறும். பிளந்த பாதி நின்றவனின் நெஞ்சு உயரத்தில் பின்னால் எகிறும். உள்ளே இழுவிசை நிறைந்த மரம், சாய்வும் சேர்ந்தால் இப்படித்தான்.

செய்ய வேண்டியது: வாய் குறுக்களவில் கால் பங்குக்கு மேல் போகாமல், ஆனால் அகலமாகத் திறந்திருக்கட்டும். வாய்க்குப் பின்னால் வெட்டாமல் விடும் பிணைச்சலுக்குக் குறுக்களவில் பத்திலொரு பங்கு விடுங்கள். 40 சென்ரிமீற்றர் மரத்துக்கு 4 சென்ரிமீற்றர். அதற்குப் பின்னால் பக்கவாட்டில் பாரைக் குத்தி உள்ளே செலுத்தி, நடுவை வெட்டிப் பின்னோக்கி வந்து, பின்பக்கம் ஒரு கைப்பிடி அளவு மரத்தை வெட்டாமல் நிறுத்துங்கள். இப்போது மரம் அந்தப் பிடியில் நிற்கிறது. கடைசியில் அதை மட்டும் வெட்டினால் ஒரே வீச்சில் விழும், பிளக்காது. பாரைக் குத்தும்போது நுனியின் கீழ்ப்பாதியால் தொடங்குங்கள். மேல் கால்பகுதி மரத்தில் பட்டால் மெசின் முகத்துக்கே திரும்பி வரும்.

நிற்பது எப்போதும் மேட்டுப் பக்கம். விலகும் வழி பின்னால் சரிவாக, முன்கூட்டியே மன்னாக் கத்தியால் செதுக்கி வைத்தது. பள்ளத்தை நோக்கி நேரே வீழ்த்தினால் மரம் கூடுதல் தூரம் விழுந்து சிதறும், தேயிலைச் செடியையும் உடைக்கும்; முடிந்தவரை சரிவுக்குக் குறுக்காகப் படுக்கவிடுங்கள். ஆப்புக்கு இரும்பு வேண்டாம், செயின் பட்டால் பல் போய்விடும். கொய்யாக் கட்டையில் செதுக்கிய ஆப்பு போதும்.

பசறையிலிருந்து

குளவியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மலையில் மரம் வெட்டப் போகிறவனுக்கு முதல் வேலை மேலே பார்ப்பது. சவுக்கின் உச்சிக் கிளையின் அடியில் அரைவட்டமாகத் தொங்கும் கூடு கீழிருந்து காய்ந்த இலைக்கொத்து மாதிரித்தான் தெரியும். நாம் குளவி என்று சொல்வதில் பாதி பெருந்தேனீ. சத்தத்தை விட அதிர்வுதான் அவற்றை எழுப்பும். அந்த மரத்தை மட்டுமல்ல, பக்கத்து மரத்தை வெட்டினாலும் போதும். காலை வெயில் ஏறியதும் உச்சியில் பறப்பது தெரிகிறதா என்று கால்மணி நேரம் நின்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். கிளம்பிவிட்டால் மெசினை நிறுத்திப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், லயமோ (தோட்டத்து வரிசை வீடு) ஸ்டோரோ (தேயிலைத் தொழிற்சாலை) எதுவானாலும் உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். தேனீ கொடுக்கை விட்டுப்போகும், நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். மூச்சு முட்டினாலோ உதடு வீங்கினாலோ காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

மின்கம்பிக்குப் பக்கத்து மரத்தை மின்சாரக்காரர் வந்து மின்னைத் துண்டிக்காமல் தொடாதீர்கள். அவர்களை அழைக்கும் எண் 1987.

பண்டாரவளையிலிருந்து

பசறைக்காரர் சொன்ன சவுக்கு கடற்கரைச் சவுக்கு இல்லை, தேயிலைக்கு நிழல் தரும் கிரெவிலியா. இதை அடியோடு வெட்டுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பச்சை மரத்தை வெட்டினால் அடிவேரில் மாச்சத்து நிறைய மிஞ்சும். அதில் பூசணம் பிடித்துப் பக்கத்துத் தேயிலை வேருக்குப் பரவும். அதனால்தான் முன்கூட்டியே பட்டையை வளையமாக உரித்து, மரம் நின்றபடியே பட்டுப்போக விடுகிறார்கள். ஆனால் பட்ட மரத்தின் கிளை அதிர்வில் முறிந்து தலையில் விழும், தலைக்கவசம் இல்லாமல் அடியில் நிற்காதீர்கள். தேயிலை இல்லாத செங்குத்துச் சரிவில் மட்டும் வேரைத் தோண்டாதீர்கள், மண்ணைப் பிடித்திருப்பது அதுதான். சவுக்குத் தூள் சிலருக்கு முழங்கையெல்லாம் தடிப்பாக்கும். நீளக் கை சட்டை, வேலை முடிந்ததும் சவர்க்காரம்.

கிளை கழிப்பது என்றால்: தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடியில் மூன்றிலொரு பங்கு வெட்டு, அதற்குக் கொஞ்சம் வெளியே மேலிருந்து முழு வெட்டு, கடைசியாகக் கிளை தொடங்கும் இடத்துப் புடைப்பை விட்டு வெளியே அடிக்கட்டையை எடுங்கள். புடைப்போடு வழித்தால் காயம் மூடாது, அங்கிருந்துதான் அழுகும்.

ஹட்டனிலிருந்து, மறுபடி

விறகு. பச்சைக் கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் கட்டையாக அடுக்கி வைத்தால் ஒரு வருடமானாலும் காயாது, காளான் முளைக்கும். பிளந்துதான் அடுக்க வேண்டும். யூகலிப்டஸை வெட்டிய வாரத்திலேயே பிளந்துவிடுங்கள். காய்ந்தபின் கோடாலி துள்ளும். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம், பட்டை மேலே, மேலே மட்டும் தகரம். பக்கங்களைப் பொலித்தீனால் மூடினால் வேர்த்துப் புழுங்கும். ஊவாவில் (பசறை, பண்டாரவளைப் பக்கம்) ஜூன் முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்று சும்மா காய வைத்துவிடும், கொடுத்து வைத்தவர்கள்.

காய்ந்ததா என்று தெரிய ஒரு துண்டுக்கு அடையாளம் போட்டு வாரா வாரம் தராசில் வையுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. தராசு இல்லையென்றால் இரண்டு துண்டைத் தட்டுங்கள், ‘டக்’ என்றால் சரி, ‘தொப்’ என்றால் இன்னும் இருக்கிறது. அல்பீசியா சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் தீரும். சரியாகக் காயாத பைன் புகைபோக்கியில் பிசினாக அப்பும். பற்றவைக்க, தேயிலைச் செடியில் கழித்த குச்சியான கவ்வாத்து மிலாறுக்கு நிகர் எதுவும் இல்லை.

கண்டியிலிருந்து

ஒன்றை விட்டுவிட்டீர்கள். வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் பலா, ஈரப்பலா இரண்டும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்துக்குள் வரும். சொந்தக் காணியில் நின்றாலும் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும், அதற்குக் கிராம சேவகரிடமிருந்து தொடங்க வேண்டும். கையில் பத்திரம் வந்த பிறகு மெசினுக்குப் பெற்றோல் கலக்குங்கள்.