சின்ன சுரங்கக் கம்பெனி பேலன்ஸ் ஷீட்: மொத்த லயபிலிட்டி 78 கோடியா, 37 கோடியா?

ஓமலூரான்:

வணக்கம். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி சிமென்ட் ஆலைகளுக்குக் கொடுக்கிற ஒரு சின்ன கம்பெனியோட ஷேர் அப்பா வாங்கி வெச்சிருந்தார். அவர் போன வருஷம் தவறிட்டார், இப்போ என் பேருக்கு மாத்தியாச்சு. வெச்சிக்கிறதா விக்கிறதான்னு முடிவு பண்ணணும். அம்மாவுக்கு இதுதான் கையிருப்பு, அதனால கண்ணை மூடிக்கிட்டு எதுவும் செய்ய மனசு வரலை.

மொபைல்ல பார்க்கிற இலவச சைட்ல ‘டோட்டல் லயபிலிட்டிஸ்’ 78 கோடின்னு போட்டிருக்கு. ஆண்டறிக்கையை எடுத்து நானே கூட்டினா 37 கோடிதான் வருது. பேங்க் கடன்னு பார்த்தா 11.5 கோடி. இந்த மூணுல எது நிஜமான கடன்?

அறிக்கையில இருக்கிறது (எல்லாம் கோடியில்): பங்கு மூலதனம் 10, ரிசர்வ் (சேர்த்து வெச்ச லாபம்) 31, டேர்ம் லோன் 8.4, வொர்க்கிங் கேப்பிடல் லோன் 3.1, சுரங்கம் மூடுவதற்கான ப்ரொவிஷன் 6.3, டெஃபர்ட் டாக்ஸ் 2.2, சப்ளையர்களுக்குத் தர வேண்டியது 5.6, வாடிக்கையாளர் அட்வான்ஸ் 9, அரசுக்குக் கட்ட வேண்டியது 2.4.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல். கணக்கு படிச்சவன் இல்லை, கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

மதுரை ஆர்ட்டிகிள்:

அண்ணா, 78ஐ மறந்துடுங்க. நம்ம ஊர் பேலன்ஸ் ஷீட்ல ஒரு பக்கம் முழுக்க ‘ஈக்விட்டி அண்ட் லயபிலிட்டிஸ்’னு வரும். பங்குதாரர் பணமும் அதுலயே சேர்ந்திருக்கும். சில சைட்ல அந்த மொத்தத்தையே ‘டோட்டல் லயபிலிட்டிஸ்’னு போட்டுடுறாங்க. உங்க 10ம் 31ம் சேர்ந்த 41, அதோட 37, ஆகமொத்தம் 78. சொத்துப் பக்கமும் 78தான் இருக்கும், பாருங்க. வெளியாளுக்குத் தர வேண்டியது 37 மட்டும்தான்.

பழைய மைன்ஸ் கணக்கு:

தங்கச்சி சொன்னது சரி. நான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துலயே அக்கவுன்ட்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன், அதனால அந்த 37க்குள்ள கொஞ்சம் போறேன் தம்பி. யாருக்கு, எப்போ, பணமாவா கல்லாவா கொடுக்கணும்னு ஒவ்வொரு வரியையும் கேட்டாத்தான் அந்த நம்பருக்கு அர்த்தம் வரும்.

பேங்க் கடன் உங்களுக்கே தெரியும். டெஃபர்ட் டாக்ஸ்னா பின்னாடி கட்ட வேண்டி வரும்னு எழுதி வெக்கிற வரி, பெரும்பாலும் தேய்மானக் கணக்கு வித்தியாசம், நாளைக்கே யாரும் வந்து கேட்கப் போறதில்லை. சப்ளையர் பாக்கிக்கு நோட்ஸ்ல வயசுவாரியா ஒரு அட்டவணை இருக்கும். டீசல்காரர், லாரிக்காரர் பாக்கி ஒரு வருஷத்தைத் தாண்டி நிக்குதான்னு பாருங்க. நின்னா கையில காசில்லைன்னு அர்த்தம். அரசு பாக்கி 2.4ஐ ஆடிட்டர் ரிப்போர்ட்டோட இணைப்புல தேடுங்க. தகராறு இல்லாத பாக்கி ஆறு மாசத்துக்கு மேல கட்டாம கிடந்தா அவர் அங்கே எழுதியே ஆகணும்.

வாடிக்கையாளர் அட்வான்ஸ் 9 கோடியை நிறைய பேர் ‘இது கடனே இல்லை, கல்லா கொடுத்துக் கழிச்சிடுவாங்க’ன்னு விட்டுடுவாங்க. அப்படி விடாதீங்க. வாங்கின பணம் செலவாகியிருக்கும், ஆனா அந்தக் கல் இன்னும் பூமிக்குள்ள இருக்கு. அதை எடுக்க வெடி, டீசல், கூலி, ராயல்டி (கனிமம் எடுக்க அரசுக்குக் கட்டுறது) எல்லாம் இனிமேதான். சுண்ணாம்புக்கல்லுக்கு ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். லீஸ் 2015 ஜனவரி 12க்கு முன்னாடி கொடுத்ததுன்னா மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு அந்த ராயல்டியில 30 சதவீதம், அதாவது 24 ரூபாய். ஏலத்துல எடுத்த லீஸ்னா 10 சதவீதம். இதுக்கு மேல தமிழ்நாட்டுல 2025 ஏப்ரல் 4லேர்ந்து கனிமம் உள்ள நிலத்துக்குப் புது வரி வந்திருக்கு, சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். ராயல்டியைப் போல ரெண்டு மடங்கு! அட்வான்ஸ் வாங்கினப்போ விலையை அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியிருந்தா இந்த 160 யார் தலையில விழும்? ஒப்பந்தத்துல அதுக்கு வழி வெச்சிருக்காங்களா? என்னைக் கேட்டா இந்த பேலன்ஸ் ஷீட்ல முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அடுத்தது சுரங்கம் மூடுற ப்ரொவிஷன், அதாவது வரப்போற செலவுக்காக இப்பவே லயபிலிட்டியா எழுதி வெக்கிறது, 6.3 கோடி. கல் தீர்ந்ததும் குழியை அப்படியே விட்டுட்டுப் போக முடியாது. சரிவைப் பாதுகாப்பாக்கணும், வேலி போடணும், எடுத்து ஓரமாக் கொட்டி வெச்ச மேல்மண்ணைத் திரும்பப் பரப்பி மரம் வைக்கணும். அது எத்தனையோ வருஷம் கழிச்சு வரப்போற செலவு. அதோட இன்னைய மதிப்பைத்தான் போடுவாங்க. 15 வருஷம் கழிச்சு 20 கோடி தேவைன்னு வைங்க. வருஷத்துக்கு 8 சதவீதம்னு 15 வருஷத்துக்கும் பின்னோக்கிக் கழிச்சா இன்னைக்கு 6.3 கோடி. அதே 20 கோடியை 6 சதவீதத்துல கழிச்சா 8.35 கோடி. அந்தச் சதவீத எண்ணை மட்டும் மாத்தினாலே ரெண்டு கோடி லயபிலிட்டி மறைஞ்சுடும், இல்லேன்னா முளைச்சுடும். வருஷா வருஷம் இது தானா வளரும் வேற. 8 சதவீதம்னா முதல் வருஷம் 50 லட்சம், வட்டிச் செலவுன்னு லாப நஷ்டக் கணக்குல போகும். பேங்குக்கு ஒரு பைசா கட்டியிருக்க மாட்டாங்க.

நான் பார்த்த ஒண்ணைச் சொல்றேன். நான் வேலை பார்த்த ஒரு இடத்துல ஒரு குழியை மூடுறதுக்கு 40 லட்சம்னு எப்பவோ எழுதின மதிப்பீட்டையே ஒன்பது வருஷம் தொடாம வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு மார்ச்சும் நான் மைன்ஸ் மேனேஜர்கிட்ட ஃபைலைத் தூக்கிட்டுப் போவேன், “அடுத்த வருஷம் பார்க்கலாம்”னு திருப்பி அனுப்புவாங்க. அதுக்குள்ள குழி ரெண்டு பெஞ்ச் (படி மாதிரி வெட்டுற அடுக்கு) ஆழமாயிடுச்சு, மேல்மண் குவியல்ல பாதி ரோடு போட எடுத்தாச்சு. கடைசியில மூடினப்போ ஒரு கோடியே பத்து லட்சம் ஆச்சு. மண்ணையே வெளியிலேர்ந்து லாரி லாரியா விலைக்கு வாங்கிக் கொட்டினோம். அந்த 70 லட்சம் அத்தனை வருஷமும் எங்க பேலன்ஸ் ஷீட்ல இல்லாத கடன். அதை இன்னும் என்னால மன்னிக்க முடியலை. அதனால மதிப்பீட்டைக் கடைசியா எந்த வருஷம் திருத்தினாங்கன்னு நோட்ஸ்ல தேடுங்க.

இன்னொண்ணு. இந்தியச் சுரங்கப் பணியகத்துக்குக் கொடுக்கிற உத்தரவாதத்தைப் பார்த்து ‘மூடுறதுக்குக் காசு ஒதுக்கியாச்சு’ன்னு நினைக்காதீங்க. 2021 திருத்தத்துக்கு அப்புறம் ஏ பிரிவு சுரங்கத்துக்கு (முழுக்க பெரிய மெஷின்ல வெட்டுறது, இல்லேன்னா ஆள் அதிகம் உள்ளது) ஹெக்டேருக்கு 5 லட்சம், மத்ததெல்லாம் பி பிரிவு, அதுக்கு 3 லட்சம். பி பிரிவுல 40 ஹெக்டேர் பயன்படுத்தினா 1.2 கோடி, அதுவும் வழக்கமா பேங்க் கேரன்டிதான். கையில பணமா எங்கேயும் இருக்காது.

ஓமலூரான்:

ஐயா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதினதுக்கு நன்றி. ப்ரொவிஷன் நோட்டைப் பார்த்தேன், 8 சதவீதம்னு இருக்கு. எந்த வருஷ மதிப்பீடுன்னு இல்லை. தேடும்போது 38ஆவது நோட்ல ‘கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி’ 19 கோடின்னு பார்த்து பயந்துட்டேன். 14 கோடி, அனுமதிச்ச அளவுக்கு மேல வெட்டினதாக் கனிமவளத் துறை கேட்டது. மீதி 5 கோடி வரி வழக்கு. இது 37க்குள்ள இருக்கா?

பழைய மைன்ஸ் கணக்கு:

இல்லை தம்பி, 37க்கு வெளியில இருக்கு. கட்ட வேண்டி வரலாம், ஆனா வரும்கிறதை விட வராதுங்கிற பக்கம்தான் சாய்வு அதிகம்னு நிர்வாகம் நினைச்சா ப்ரொவிஷன் போட மாட்டாங்க, நோட்ஸ்ல மட்டும் சொல்லிடுவாங்க. அது அவங்க கணிப்பு.

அந்த 14 கோடியை நான் லேசா எடுக்க மாட்டேன். 2017 ஆகஸ்ட் 2ல ஒடிசா இரும்பு, மாங்கனீசு சுரங்க வழக்குல உச்ச நீதிமன்றம், அனுமதியில்லாம எடுத்த தாதுவோட முழு மதிப்பையும் சுரங்கம், கனிமங்கள் சட்டத்தோட 21(5) பிரிவுல வசூலிக்கணும்னு சொல்லிடுச்சு. ராயல்டி கட்டியிருந்தவங்களாலயும் அப்போ தப்ப முடியலை. உங்க நோட்ல அந்தப் பிரிவு எண் இருக்கான்னு பாருங்க. 14 கோடி விழுந்தா 41 கோடி நெட் வொர்த்துல (பங்கு மூலதனமும் ரிசர்வும் சேர்ந்தது) மூணுல ஒரு பங்கு போயிடும்.

ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கம் லீஸ் வெச்சிருக்கிற கம்பெனின்னா இன்னொண்ணும் பார்க்கணும். 1989ல தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுல ராயல்டியே வரிதான்னு ஏழு நீதிபதிகள் சொன்னதை 2024 ஜூலை 25ல ஒன்பது பேர் அமர்வு 8-1னு மாத்திடுச்சு. ராயல்டி வரி இல்லை, மாநிலங்கள் தனியா வரி போடலாம்னு ஆயிடுச்சு. ஆகஸ்ட் 14 உத்தரவுப்படி 2005 ஏப்ரல் 1லேர்ந்து உள்ள பழைய பாக்கியையும் கேட்கலாம், 2026 ஏப்ரல்லேர்ந்து 12 வருஷத் தவணை. நம்ம தமிழ்நாட்டு 160 ரூபாய் வரி புதுசு, பின்னோக்கிப் போகாது. உங்க கம்பெனிக்கு அரியலூர் மட்டும்தான்னா இந்தப் பயம் வேண்டாம்.

பேங்க் கையிருப்பு எவ்வளவு, ஆலைகள்லேர்ந்து வர வேண்டியது எவ்வளவு?

ஓமலூரான்:

கையிருப்பு 3 கோடி, வர வேண்டியது 12 கோடி. டேர்ம் லோன்ல அடுத்த வருஷத் தவணை 2 கோடி. லீஸ் அரியலூர் மட்டும்தான். 21(5)னு நோட்லயே இருக்கு.

பழைய மைன்ஸ் கணக்கு:

12 மாசத்துல பணமா போறது: தவணை 2, வொர்க்கிங் கேப்பிடல் 3.1, சப்ளையர் 5.6, அரசு 2.4. மொத்தம் 13.1. கையில வரக்கூடியது 15. ஆலைக்காரங்க நேரத்துக்குக் கொடுத்தா இந்த வருஷம் ஓடிடும். விக்கிறதா வேண்டாமான்னு நான் சொல்லக் கூடாது, அது அம்மா பணம். கம்பெனி செக்ரட்டரிக்கு ஒரு மெயில் போடுங்க, பங்குதாரரா கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. மூணே கேள்வி: மூடும் மதிப்பீடு எந்த வருஷம் திருத்தினது, 9 கோடி அட்வான்ஸ்ல புது வரியை யார் ஏத்துக்கிறாங்க, 14 கோடி வழக்கு எந்த நீதிமன்றத்துல எந்தக் கட்டத்துல இருக்கு. பதில் வந்ததும் இங்கேயே போடுங்க. போன வருஷ அறிக்கையில அதே 38ஆவது நோட்ல எவ்வளவு இருந்துச்சுன்னும் சேர்த்துப் போடுங்க.